தீயின்றி ஒரு தின்பண்டம்

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில் உள்ள சிற்றூர் சுங்கை பாக்காப். பள்ளி முடிந்து மாணவர்கள் வீடு திரும்பும் பிற்பகல் வேளையில் அங்கே வெயில் கடுமையாக இருக்கும். சீருடையைக் கழற்றுவதற்கு முன்பே பலருடைய கை குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்துவிடும். உள்ளே இனிப்புப் பானம் இருந்தால் அதுதான் அன்றைய சிற்றுண்டி. அதற்குப் பதிலாக, முதல் நாள் மாலையில் தாமே செய்து வைத்த பழத் தயிர்த் துண்டுகள் இருந்தால் எப்படி இருக்கும்?

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், "பெரியவர்கள் இல்லாதபோது அடுப்பைத் தொடக்கூடாது" என்பது பொதுவான கட்டளை. அது நல்ல கட்டளையே. அந்தக் கட்டளையை மீறாமல் மாணவர்கள் செய்யக்கூடிய பண்டங்களுள் ஒன்று உறைதயிர்ச் சிற்றுண்டி. தயிருடன் பழத்தைக் கலந்து, தட்டில் பரப்பி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் போதும். அடுப்பும் வேண்டாம்; அடுமனையும் வேண்டாம்.

எளிதாகத் தோன்றும் இந்தப் பண்டத்திலும் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சமையலில் தீ மூன்று வேலைகளைச் செய்கிறது. குழைவாக இருக்கும் மாவை ரொட்டியாகவும் பிஸ்கட்டாகவும் இறுகச் செய்து வடிவம் தருகிறது. மணத்தையும் சுவையையும் கூட்டுகிறது. உணவில் உள்ள தீய நுண்ணுயிரிகளைக் கொல்கிறது. தீயை விலக்கிவிட்டால் இம்மூன்று வேலைகளையும் வேறு எவையாவது செய்தாக வேண்டும். உறைதயிரில் வடிவம் தருவது குளிர். சுவை தருவது பழம். தீங்கு வராமல் காப்பது செய்பவரின் தூய்மையான கை. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் பண்டம் கெடும்.

தயிர் உருவாகும் விதம்

பாலில் லாக்டோஸ் என்ற இயற்கைச் சர்க்கரை உள்ளது. தயிரில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்கள் அச்சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. தயிரின் புளிப்புக்கு அதுவே காரணம். அமிலம் கூடக் கூட, பாலில் உள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பின்னி வலைபோல் ஆகிறது. அந்த வலைக்குள் நீரும் கொழுப்பும் சிக்கிக்கொள்ளும்போது பால் தயிராக இறுகுகிறது. உறைமோர் ஊற்றிப் பாலைத் தயிராக்கும் முறையைத் தமிழ் வீடுகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தன. தயிரில் உள்ள பாக்டீரியாவை 1905ஆம் ஆண்டில் நுண்ணோக்கியின் வழி கண்டறிந்தவர் பல்கேரிய நாட்டைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ். அப்போது அவர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் மருத்துவம் பயின்றுவந்த இளைஞர்.

தயிரும் தீயை முற்றிலும் அறியாத பொருளன்று. வீட்டில் பாலைக் காய்ச்சி, ஆறவைத்த பின்னரே உறை ஊற்றுகிறார்கள். ஆலைகளிலும் பாலைச் சூடாக்கிக் கிருமிகளை அழித்த பிறகே தயிராக்குகிறார்கள். எனவே, நல்ல தயிர் கைக்கு வரும்போது தூய்மையாகவே இருக்கிறது. அதன் பின்னர்ச் சேர்க்கும் பழம், பயன்படுத்தும் கரண்டி, தொடும் கை ஆகிய எவையும் தீயைக் காண்பதில்லை. அவை வழியே கிருமி புகாமல் பார்த்துக்கொள்வது செய்பவரின் பொறுப்பாகும்.

குளிர் தரும் வடிவம்

இன்று வீட்டுக்கு வீடு கிடைக்கும் குளிர், ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த அரும்பொருள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டியெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினர். அந்தப் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டில் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. 'ஐஸ் ஹவுஸ்' என்று அழைக்கப்பட்ட அக்கட்டடத்தில் 1897ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. அக்காலத்தில் செல்வர்களுக்கே கிடைத்த குளிர், இன்று மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் குளிருடன் இருக்க வேண்டும். 'ஃபிரீசர்' என்று வழக்கில் சொல்லப்படும் உறைபகுதி, கழித்தல் 18 பாகை அளவில் இருக்க வேண்டும். தயிரை உறைபகுதியில் வைத்ததும் அதிலுள்ள நீர் பனிப் படிகங்களாக மாறுகிறது. படிகங்கள் சிறியனவாக இருந்தால் பண்டம் மென்மையாக இருக்கும். பெரியனவாக வளர்ந்துவிட்டால் நாக்கில் மணல்போல் நெருடும்; கடிப்பதற்கும் கடினமாக இருக்கும்.

படிகங்கள் பெரிதாகாமல் தடுக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நீரைக் குறைப்பது. குல்ஃபி செய்பவர்கள் பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சுவது இதற்காகவே. தயிரைக் காய்ச்ச முடியாது, ஆனால் வடிகட்டலாம். தூய்மையான மெல்லிய பருத்தித் துணியை ஒரு வடிகட்டியின் மேல் விரித்து, அதில் தயிரைக் கொட்டி, கீழே ஒரு பாத்திரம் வைத்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் வைத்தால் நீர் வடிந்து தயிர் கெட்டியாகிவிடும். வடிந்த நீரில் சத்து உண்டு என்பதால் அதைக் கொட்டிவிடாமல் மோருடனோ குழம்பிலோ சேர்க்கலாம்.

இரண்டாவது, கொழுப்பு நீக்கப்படாத தயிரைப் பயன்படுத்துவது. கொழுப்புத் துளிகள் படிகங்களுக்கு இடையே நின்று அவை ஒன்றுசேராமல் தடுக்கின்றன. மூன்றாவது, விரைந்து உறையச் செய்வது. ஆழமான கிண்ணத்தில் ஊற்றிய தயிர் மெதுவாக உறையும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிய தயிர் விரைவாக உறையும். இந்தப் பண்டத்தைத் தட்டில் பரப்பிச் செய்வதற்கு இதுவே காரணம்.

பழம் தரும் சுவை

உணவு குளிர்ந்திருக்கும்போது நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். உருகிய பனிக்கூழ் திகட்டுவதும் அதே பனிக்கூழ் உறைந்திருக்கும்போது அளவான இனிப்புடன் தோன்றுவதும் இதனால்தான். குளிர்ந்த பண்டங்களில் அதிகமான சீனி மறைந்திருப்பதை உண்பவர் உணராமலே இருந்துவிடுகிறார்.

சீனிக்கும் சுங்கை பாக்காப்புக்கும் பழைய தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. சுங்கை பாக்காப் ஊரை உருவாக்கியவராக அறியப்படும் கீ லாய் ஹுவாட் என்ற சீனரும் கரும்புத் தோட்டம் நடத்தியவரே. ரப்பர் மரங்கள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ்த் தொழிலாளர்கள் இவ்வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு இருந்த நிலத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. வயல்களிலிருந்து கரும்பு மறைந்துவிட்டது. சீனியோ ஒவ்வொரு வீட்டின் உணவிலும் பெருகிவிட்டது.

அதன் விளைவு கண்கூடு. மலேசிய சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. இனிப்புப் பானங்களின் பயன்பாட்டைக் குறைக்க அரசாங்கம் 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி அவற்றிற்கு வரி விதித்தது. உணவில் சேர்க்கப்படும் சீனியிலிருந்து கிடைக்கும் ஆற்றல், ஒரு நாளைய மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே, அதாவது பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், குறைத்தால் இன்னும் நல்லது என்றும் அது கூறுகிறது. 25 கிராம் என்பது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிச் சீனியாகும்.

ஆகவே, உறைதயிர் செய்ய முற்படுபவர் முதலில் தயிர் டப்பாவின் பின்புறத்தில் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் படிக்க வேண்டும். இனிப்புச் சேர்க்காத தயிரிலும் 100 கிராமுக்கு 4 அல்லது 5 கிராம் சர்க்கரை இருக்கும். அது பாலின் இயற்கைச் சர்க்கரை. பழச்சுவை சேர்த்த ஒரு தயிரின் அட்டவணையில் 100 கிராமுக்கு 13 கிராம் என்று குறிப்பிடப்பட்டிருந்தால், பாலுக்குரிய 5 கிராமைக் கழித்துவிட வேண்டும். மீதமுள்ள 8 கிராமில் பெரும்பகுதி சேர்க்கப்பட்ட சீனியாகத்தான் இருக்கும். அது இரண்டு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். "பழம்" என்று முகப்பில் அச்சிட்டிருப்பதை விட இந்த எண்ணே உண்மையைச் சொல்லும்.

இனிப்பில்லாத தயிருக்கு நன்கு கனிந்த பழமே போதிய இனிப்பைத் தரும். கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் மிகச் சிறந்தது. அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும்; மசித்தால் தயிரோடு குழைந்து படிகங்களையும் தடுக்கும். மாம்பழம், டிராகன் பழம் ஆகியவையும் நன்கு பொருந்தும். அன்னாசி, பப்பாளி, கிவி ஆகிய பழங்களில் மட்டும் கவனம் தேவை. அவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. பச்சையாகத் தயிரில் கலந்து வைத்தால் தயிர் நீர்த்துப்போகும், கசப்பும் ஏறும். அவற்றை விரும்புபவர்கள் தயிருடன் கலக்காமல், உண்ணும் வேளையில் மேலே தூவிக்கொள்ளலாம்.

செய்யும் முறை

தேவையான பொருள்கள்:

• இனிப்புச் சேர்க்காத கெட்டித் தயிர் – 500 கிராம்
• நன்கு கனிந்த வாழைப்பழம் – 2
• சிறு துண்டுகளாக நறுக்கிய மாம்பழம் – 1 கிண்ணம்
• தேன் – 1 மேசைக்கரண்டி (விரும்பினால்)
• துருவிய உலர்ந்த தேங்காய் அல்லது வறுத்த எள் – 2 மேசைக்கரண்டி

செய்முறை:

1. தயிர் நீர்த்திருந்தால் மேலே கூறியவாறு துணியில் வடிகட்ட வேண்டும்.
2. வாழைப்பழத்தை முள்கரண்டியால் கட்டியின்றி மசிக்க வேண்டும். அதில் தயிரையும் தேனையும் சேர்த்துக் கலக்க வேண்டும்.
3. உறைபகுதிக்குள் அடங்கும் ஒரு தட்டில், அடுமனைத் தாளை விரிக்க வேண்டும். தாள் இல்லாவிட்டால் தயிர் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.
4. கலவையைத் தாளின் மேல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்திற்குச் சமமாகப் பரப்ப வேண்டும். மேலே மாம்பழத் துண்டுகளையும் தேங்காயையும் தூவ வேண்டும்.
5. தட்டைச் சாயாமல் உறைபகுதியில் வைத்து, நான்கு மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும்.
6. உறைந்த பின் தாளோடு எடுத்து, எட்டுத் துண்டுகளாக உடைக்க வேண்டும். உடனே உண்ணாதவற்றை மூடியுள்ள பெட்டியில் அடுக்கி, மீண்டும் உறைபகுதியில் வைக்க வேண்டும்.

ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை உள்ளது. அதை எட்டுத் துண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் சேர்வது இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான். அரைத் தேக்கரண்டி என்று கொள்ளலாம். துண்டை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் பொறுத்து உண்டால் பல்லுக்கு மென்மையாக இருக்கும். நாக்குக்கும் இனிப்பு கூடுதலாகத் தெரியும். பொறுமை இங்கே சீனியின் வேலையைச் செய்கிறது.

இதே கலவையை வேறு வடிவங்களிலும் செய்யலாம். ஐஸ் கட்டித் தட்டின் குழிகளில் ஊற்றினால் ஒரே வாயில் உண்ணும் சிறு கட்டிகள் கிடைக்கும். இரண்டு மாரி பிஸ்கட்டுகளுக்கு இடையே தடவி உறையவைத்தால் அடை போன்ற பண்டம் ஆகும். 'ஐஸ்கிரிம் மலேசியா' செய்யப் பயன்படும் நீண்ட நெகிழிக் குழாய்களில் புனல் வழியாக ஊற்றி முடிச்சுப் போடுவது இந்நாட்டில் வழக்கமான முறை. அப்படிச் செய்யும்போது குழாயை முழுவதும் நிரப்பாமல் சிறிது இடம் விட வேண்டும். நீர் உறையும்போது விரியும் என்பதால், நிரம்பிய குழாய் வெடித்துவிடக்கூடும்.

கையின் பொறுப்பு

குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறான எண்ணம். உறைபகுதியின் குளிர் பெரும்பாலான கிருமிகளை உறங்கவைக்கிறதே தவிர, கொல்வதில்லை. தயிரில் உள்ள நன்மை தரும் பாக்டீரியாக்களுள் பலவும் அவ்வாறே உறைந்த நிலையில் உயிரோடு இருக்கின்றன. பண்டம் உருகியதும் நல்லவை, தீயவை என்ற வேறுபாடின்றி எல்லாம் விழித்துக்கொள்ளும். அடுப்பில் வெந்த உணவில் ஒரு சிறு தவற்றைத் தீ திருத்திவிடும். அடுப்பில்லா உணவில் அவ்வாறு திருத்துவதற்கு யாருமில்லை.

எனவே, செய்யத் தொடங்குவதற்கு முன் கைகளைச் சவர்க்காரமிட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். தோலுடன் இருக்கும்போதே பழங்களை ஓடும் நீரில் கழுவ வேண்டும். இல்லையென்றால் தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோய்விடும். கோழியும் மீனும் வெட்டிய பலகையில் பழம் நறுக்கக் கூடாது. சுவை பார்த்த கரண்டியை மீண்டும் கலவைக்குள் விடக் கூடாது. உறைபகுதியில் பச்சை மீன், இறைச்சி ஆகியவற்றின் நீர் சொட்டாத மேல்தட்டில் பண்டத்தை வைக்க வேண்டும். மூடாமல் வைத்தால், பக்கத்தில் இருக்கும் மீனின் வாடையும் பெலாச்சானின் வாடையும் தயிரில் ஏறிவிடும்.

வெளியே எடுத்த தயிர்ப் பண்டத்தை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் அந்நேரம் ஒரு மணியாகக் குறைகிறது. மலேசியாவின் பிற்பகல் பெரும்பாலும் இந்த இரண்டாவது விதிக்குள் அடங்கும். மின்வெட்டினால் உருகி, நெடுநேரம் வெதுவெதுப்பாகக் கிடந்த பண்டத்தை மீண்டும் உறையவைத்து உண்ணக் கூடாது. பார்வைக்குப் பழைய வடிவம் வந்துவிடும். ஆனால் இடையில் பெருகிய கிருமிகள் அப்படியே இருக்கும். பெட்டியின் மேல் செய்த தேதியை எழுதி, இரண்டு வாரங்களுக்குள் உண்டுவிடுவது நல்லது.

பகிர்ந்து கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியால் கடுமையான நோய் வரலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கடலை, எள், பால் ஆகியவற்றில் ஒவ்வாமை உள்ளவர்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்து கொடுக்க வேண்டும்.

தாமே செய்த ஒரு துண்டு உறைதயிரில் எவ்வளவு சீனி உள்ளது, எந்தப் பழம் உள்ளது, அது எப்போது செய்யப்பட்டது என்பவற்றையெல்லாம் செய்தவரால் தயங்காமல் சொல்ல முடியும். கடையில் வாங்கும் பண்டத்திற்கு அந்தத் தெளிவு அரிது. கரும்பு விளைந்த மண்ணில் வாழும் இன்றைய மாணவர்கள், சீனியை எவ்வளவு சேர்ப்பது என்று தாங்களே முடிவு செய்யப் பழகிக்கொள்ள முடியும். அந்தப் பழக்கம் வெயிலில் வீடு திரும்பிய ஒரு பிற்பகலில், குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறக்கும்போதே தொடங்கலாம்.